மருந்துக்காரன் வாங்கிய மிஷின்

செருப்பைக் கழற்றிப் படியோரம் விட்டுவிட்டுத்தான் செந்தூர்பாண்டி அந்தக் கடைக்குள் ஏறினான். விருதுநகர் பஜாரில் உழவு மிஷினும் களை வெட்டும் மிஷினும் விற்கிற கடை. கல்லாவில் இருந்தவரே செருப்போடுதான் உட்கார்ந்திருந்தார். ஏறியவன் நேரே உள்ளே போகவில்லை. ஷட்டரின் இரும்பில் புறங்கையை வைத்து ஒரு தடவு தடவினான். அதற்குப் பிறகுதான் மேசைமேல் எடுத்து வைத்திருந்த மரம் அறுக்கும் மிஷினைத் தொட்டான்.

"என்ன அண்ணாச்சி, தொட்டுக் கும்பிடுறீகளா?" என்று கேட்டான் மிஷினைக் காட்ட நின்ற விக்னேஷ்குமார்.

"மருந்துக்காரன்ப்பா அவன்," என்றேன், கூடப் போயிருந்த நான்.

அதற்கு மேல் விருதுநகர்க்காரனுக்கு விளக்கம் வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம் மருந்து என்றால் பட்டாசுக்குள் அடைக்கிற மருந்து. அதைக் கலக்கிற அறைக்குள் செருப்போடு போகக் கூடாது, நைலான் சட்டை கூடாது, இரும்பு கூடாது. வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். அதைத் தொட்டுவிட்டு நுழைந்தால் உடம்பில் இருக்கிற கரண்ட் மண்ணுக்கு இறங்கிவிடும். கல்யாணத்துக்கு முந்தியே மருந்து கலக்கப் போனவன் செந்தூர்பாண்டி. கோயிலுக்குப் போனாலும் ரேஷன் கடைக்குப் போனாலும் அவன் கை எதையாவது தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகும்.

விக்னேஷ்குமார் நல்ல பையன். விற்றோமா தள்ளினோமா என்று இல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தான். பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலக்க வேண்டும், சங்கிலிக்குத் தனியாக எங்கே ஆயில் ஊற்ற வேண்டும், கயிறு இழுக்கும்போது காலை எங்கே மிதித்துக்கொள்ள வேண்டும் எல்லாம் சொன்னான்.

"பூட்ஸ் போட்டுக்கோங்க. கண்ணாடி போட்டுக்கோங்க. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு, ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிக்கணும். என்ன ஆனாலும் கையை விட்றாதீக அண்ணாச்சி. விட்டாத்தான் ஆபத்து."

"பொறி பறக்குமா தம்பி?"

"கல்லுல, ஆணியில பட்டா பறக்கும். அது ஒண்ணுஞ் செய்யாது."

"ஒண்ணுஞ் செய்யாதா?"

"ஒண்ணுஞ் செய்யாதுங்கேன்."

செந்தூர்பாண்டி என் முகத்தைப் பார்த்தான். பொறி பறந்தால் ஒன்றும் செய்யாது என்று ஒரு மனிதன் சொல்லி அவன் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

மிஷினை என் லோடு ஆட்டோவில் வைத்தோம். அது உருளாமல் இருக்க ஒரு சாக்கை நனைத்து அடியில் விரித்தான். எதற்கு நனைக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. வரும் வழியில் பொரிச்ச புரோட்டா தின்றோம். பெண்சாதி வள்ளித்தாய்க்குப் பிடிக்கும் என்று சாத்தூர்ச் சேவு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டான்.

மிஷின் வாங்கியதே வள்ளித்தாயின் பிடிவாதத்தால்தான். அவள் வளர்த்த ஆடுகளை விற்று வாங்கினாள். போன வைகாசி வெயிலில் ஆனைக்குட்டத்துக்கு மேற்கே இருக்கிற பட்டாசுக் கம்பெனியில் ஒரு ரூம் வெடித்தது. உள்ளே இருந்தது இரண்டு பேர், செந்தூர்பாண்டியும் வள்ளித்தாயின் தம்பி மாரீஸ்வரனும். மருந்து ரூமுக்கு நாலு பக்கமும் வாசல் வைத்திருப்பார்கள். மருந்து 'உஸ்' என்றால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுப் பக்கத்து வாசலில் ஓடிவிட வேண்டும். அடுத்தவனைக் கூப்பிடக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லிக் கொடுப்பது இதுதான். செந்தூர்பாண்டி ஓடிவிட்டான். மாரீஸ்வரன் வாசல் வரை வந்தவன், "மச்சான்" என்று கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்திருக்கிறான். அந்தச் சத்தம் ஓடுகிறவன் காதில் விழுந்திருக்கிறது. இதை வள்ளித்தாயிடம் அவனே சொன்னான். அவள் அதற்கு ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. "இனி நீக மருந்துக்குப் போகக் கூடாது" என்று மட்டும் சொன்னாள்.

கம்பெனிக்குச் சீல் வைத்துவிட்டார்கள். தீபாவளி வந்தது, போனது. தை பிறந்ததும் ஆடுகள் போய் மிஷின் வந்தது.

மறுநாள் காலையில் அவர்கள் வாசலில் நடந்ததைப் பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. வேப்பநிழலில் மரப்பலகை போட்டு, வெறுங்காலோடு சம்மணமிட்டு உட்கார்ந்து பெட்ரோலில் ஆயிலைக் கலந்தான் செந்தூர்பாண்டி. துணியில் வடிகட்டினான். குப்பியைக் குலுக்கவில்லை. குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி அப்படியும் இப்படியும் சாய்த்தான். சுற்றிலும் தண்ணீர் தெளித்து மண்ணை ஈரமாக்கி வைத்திருந்தான்.

"ஏங்க, கோலம் போடவா தெளிச்சிருக்கீக?" என்றாள் வள்ளித்தாய். கையில் போனை வைத்திருந்தாள். மரம் அறுப்பது எப்படி என்று யாரோ கோயம்புத்தூர்க்காரர் பேசுகிற வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்து மனப்பாடமே செய்திருந்தாள். "சோக்கை முளுசா இழுங்க. இப்பக் கயிறை இழுங்க. உறுமுதா? இப்ப சோக்கைப் பாதி விடுங்க. பூட்ஸைப் போடுங்கன்னா கேக்க மாட்டேங்கிறீகளே."

"பூட்ஸ் போட்டா தரை தெரிய மாட்டேங்குது புள்ள."

நாலைந்து தடவை இழுத்தான். இருமியது, நின்றது. பெட்ரோல் வாடை வந்ததும் மிஷினை வைத்துவிட்டு எழுந்து தள்ளிப் போய் நின்றான். வாடை அடங்கியபிறகு வந்தான். அடுத்த இழுப்பில் மிஷின் தெருவே அதிரக் கத்தியது. கையை விட்டுவிட்டுப் பின்னால் பாய்ந்தவன் ஆட்டுக்கொட்டில் தட்டியில் முட்டிக்கொண்டு நின்றான். மிஷின் தரையில் கிடந்து தானாகப் பேசிக்கொண்டிருந்தது.

வள்ளித்தாய் சிரித்துவிட்டாள். தம்பி போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மிஷினுதான. கத்தும், கடிக்காது. வாங்க," என்றாள். அவளே குனிந்து விசையை அமர்த்தினாள்.

இரண்டு மூன்று நாளில் கை பழகிவிட்டது. கண்மாய்க் கரையில் சீமைக்கருவேலம் வெட்டுகிற வேலை கிடைத்தது. காலை வெயில் ஏறுமுன் போய்விடுவோம். அவன் அறுப்பான். வள்ளித்தாய் கவைக்கம்பால் முள்ளை ஒதுக்குவாள். நான் தூக்கி வண்டியில் அடுக்கித் திருத்தங்கல் விறகுக்கடையில் கொண்டுபோய்ப் போடுவேன். கருவேலங்கட்டை லேசில் அறுபடாது. மரத்தூள் மூக்கிலும் கண்ணிலும் ஏறும், முள் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறும். ஆனாலும் மத்தியானம் கம்மங்கூழைக் கரைத்து, வெங்காயத்தையும் சேவையும் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது செந்தூர்பாண்டியின் முகத்தைப் பார்க்க வேண்டும். அவன் கை எப்போதும் வெள்ளி மாதிரி மினுங்கிக்கொண்டிருக்கும், அலுமினியப் பவுடர் ரேகைக்குள் போய் உட்கார்ந்திருந்ததால். இப்போது அந்த மினுக்கம் போய்க் கை கறுத்திருந்தது.

"பாரு மாப்ள, எங்கையே இப்பத்தான் எனக்குத் தெரியுது," என்று என்னிடம் காட்டினான்.

"கறுப்பாத்தான் இருக்கீக. இம்புட்டு நாள் ஏமாத்திட்டீக," என்றாள் வள்ளித்தாய்.

மருந்துக்குப் போகாமல் ஒரு மனிதன் பிழைத்துவிடலாம் என்று எனக்கே அப்போது நம்பிக்கை வந்தது. இந்தச் சீமையில் அது பெரிய நம்பிக்கை.

மாசி நடுவில் போர்மேன் ராஜபாண்டியன் பைக்கில் வந்து இறங்கினார். கெட்ட மனுசன் என்று அவரைச் சொல்ல முடியாது. மாரீஸ்வரனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து எல்லோருக்கும் முன்னால் அழுதவர். வாசலில் நின்றபடியே பேசினார்.

"கம்பெனி தெறந்தாச்சு பாண்டி. சீல் வச்சதை எடுத்துட்டாக. வடக்கேருந்து ஆர்டர் வந்து நிக்கி."

"நான்தான் வேற வேலைக்குப் போறேன்ல அண்ணாச்சி."

"பாத்தேன், கண்மாய்ல சத்தம் கேட்டுச்சு. எம்புட்டு நாளைக்கு? கண்மாய்ல கருவ முடிஞ்சா எங்கன போவ? மருந்து ரூம்ல புதுசா ஒருத்தனைப் போட்டிருக்கேன். அவன் சல்லடையைப் பிடிக்கிற பிடியைப் பாத்தா எனக்கு ஈரக்கொலை நடுங்குது. உன் கை இருந்தா நான் நிம்மதியா ஒறங்குவேன்."

உள்ளேயிருந்து வள்ளித்தாய் வந்தாள். "நீங்க ஒறங்குறதுக்கு இவுகளைக் கேக்கீகளா அண்ணாச்சி?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "கேக்கேன்தான் தாயி. வேற யாரைக் கேக்க?"

"வர மாட்டாக. காப்பி குடிச்சிட்டுப் போங்க."

அவர் காப்பி குடித்துவிட்டுப் போனார். போகும்போது, "பங்குனி பொறந்ததும் வேன் இந்த வழியாத்தான் வரும்," என்று மட்டும் சொன்னார். செந்தூர்பாண்டி பதில் பேசவில்லை. அவன் பேசாமல் இருந்தது வள்ளித்தாய்க்குப் பிடிக்கவில்லை என்பது அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த சத்தத்தில் தெரிந்தது.

அந்த வாரமே உக்கிரபாண்டி அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார். சாத்தூர் ரோட்டை ஒட்டிய அவருடைய புஞ்சையில் ஒரு பெரிய வேம்பு ஐப்பசிக் காற்றில் சாய்ந்து கிடந்தது. காய்ந்து இரும்பாகியிருந்தது. அதைத் துண்டு போட்டுக் கொடுத்தால் தென்னந்தோப்பு வேலையும் தருவதாகச் சொன்னார். அவருக்குத் தெரிந்த தோப்புக்காரர்கள் பலர் இருந்தார்கள். இந்த ஒரு மரம் ஒழுங்காக முடிந்தால் வருசம் பூராவும் வேலைக்குப் பஞ்சமில்லை. வள்ளித்தாய் அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்து எனக்கும் கொடுத்தனுப்பினாள்.

அந்த வேம்பு ரோட்டோர மரம். தீபாவளி நெருங்கினால் எங்கள் ரோட்டில் ஒரு மரத்துக்கும் தப்பிக்க வழியில்லை. 'மொத்த விலையில் பட்டாசு' என்று தகரப் பலகை எழுதி ஆணியடித்துவிடுவார்கள். சீசன் முடிந்தால் பலகை காற்றில் போய்விடும், ஆணி நிற்கும். செந்தூர்பாண்டி அது தெரிந்தவன்தான். மிஷினைத் தொடுமுன் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கண்ணில் பட்ட ஆணிகளையெல்லாம் குறடால் பிடுங்கிப் போட்டான். எந்தக் காலத்திலோ அடித்து, பட்டை வளர்ந்து மூடிவிட்ட ஆணியை யார் பார்ப்பது?

நல்ல வெயில். கிளைகளைக் கழித்து முடித்து, அடிமரத்தைத் துண்டு போட ஆரம்பித்தான். மரம் உருளாமல் இருக்க வள்ளித்தாய் இந்தப் பக்கம் ஒரு காலை ஊன்றி, மறுகாலால் கட்டையை மிதித்துக்கொண்டு நின்றாள். நான் வண்டிப் பக்கம் இருந்தேன். மூன்று துண்டு சுத்தமாக விழுந்தது. நாலாவது துண்டில் பாதி இறங்கியிருக்கும்.

'கிர்ர்' என்று ஒரு சத்தம். சங்கிலி ஆணியில் மோதிப் பொறி ஒரு கொத்தாகப் பறந்தது. பட்டப்பகலிலும் நன்றாகத் தெரிந்தது. பூவாணம் வைக்கும்போது முதலில் சீறுமே, அவ்வளவுதான்.

செந்தூர்பாண்டி மிஷினை விட்டுவிட்டு ஓடினான்.

பயந்து ஓடுகிறவன் தடுமாறுவான், திரும்பிப் பார்ப்பான். இவன் அப்படி ஓடவில்லை. பழகிய ஓட்டம் அது. உழவுக்கட்டிகளைத் தாண்டித் தாண்டி, புஞ்சையின் மறுகோடி வரப்புக்கு அந்தப் பக்கம் போய்க் குப்புற விழுந்தான். இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

விசையை விட்டால் சங்கிலி நின்றுவிடும். ஆனால் விட்ட கணத்திலேயே நிற்காது, கொஞ்சம் ஓடித்தான் நிற்கும். அந்தக் கொஞ்ச ஓட்டத்தோடு மிஷின் கட்டைமேல் துள்ளி வள்ளித்தாயின் கெண்டைக்காலில் விழுந்தது.

அவள் கத்தவில்லை. "அண்ணே," என்றாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். சேலை நனைந்துகொண்டே வந்தது. நான் துண்டை அவிழ்த்துக் கட்டினேன். துண்டும் நனைந்தது. ஈரத்தில் வழுக்கி முடிச்சு விழ மாட்டேன் என்றது.

"இறுக்கிக் கட்டுங்க அண்ணே. அவுகளைக் கூப்பிடுங்க."

"ஏலே பாண்டி! வாலே இங்கன!" என்று கத்தினேன். அவன் அசையவில்லை. வெடிக்கட்டும் என்று காத்துக்கொண்டு கிடந்தான். வெடிக்கப்போவதில்லை என்று அந்த மனுசனுக்கு யார் போய்ச் சொல்வது? இங்கே இவள் ரத்தத்தை விட்டுவிட்டு நான் நகர முடியாது. அங்கே அவன் காதைப் பொத்திக்கொண்டு கிடக்கிறான். புஞ்சைக்கு நடுவில் மிஷின் மட்டும் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான், எழுந்து நின்றான். சேலையில் சிவப்பைப் பார்த்ததும் போனதைவிட வேகமாகத் திரும்பி ஓடி வந்தான்.

"நான் வேணும்னு விடல வள்ளி. கை தானா விட்டுருச்சு."

"தெரியும். தூக்குங்க."

பெரியாஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். எலும்பில் படவில்லை, நரம்பு தப்பியது என்றார் டாக்டர். மறுநாள் பார்க்கப் போனபோது அவள் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். அவன் கீழே தரையில் உட்கார்ந்திருந்தான். யாரும் கேட்காமலேயே அவன் பேசினான்.

"அந்தத் தம்பி அம்புட்டுச் சொன்னானே மாப்ள, என்ன ஆனாலும் கையை விட்றாதீகன்னு. நானும் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேதான் அறுத்தேன். பொறியைக் கண்டதும் மனசு எங்கன இருக்கு? காலுதான் இருக்கு."

"பளகிரும்," என்றேன்.

"பளகாது. அங்க விட்டுட்டு ஓடுனாத்தான் உசுரு. இங்க விடாமப் பிடிச்சாத்தான் உசுரு. ஒரு ஒடம்புக்குள்ள ரெண்டையும் எப்படி வைக்க?" பிறகு, "மாரியை விட்டுட்டு ஓடுனேன். இவளையும் விட்டுட்டு ஓடிட்டேன்," என்றான்.

வள்ளித்தாய் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஏதாவது சொல்லிவிட மாட்டாளா என்று அவனுக்காக நான் தவித்தேன். வாங்கிப் போயிருந்த சாத்துக்குடியை உரித்துக் கொடுப்பதைத் தவிர என்னால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அவன் விட்டுவிடவில்லை. ஒரு நாள் மிஷினைத் துடைத்துப் புதுச் சங்கிலி மாட்டி, உக்கிரபாண்டி புஞ்சைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனான். கயிறு இழுத்தான். நன்றாகத்தான் ஓடியது. சங்கிலியை மரத்தின்மேல் வைக்கப் போனதும் கை ஆட ஆரம்பித்தது. அமர்த்தினான். மறுபடி இழுத்தான். மறுபடி கை ஆடியது. வெயில் உச்சிக்கு வரும்வரை இதையே செய்துகொண்டிருந்தான். கடைசியில் மிஷினைச் சாக்கில் சுற்றி வண்டியில் வைத்தான். அந்த வேம்பை அண்ணாச்சி வேறு ஆளை வைத்து அறுத்துக்கொண்டார்.

"எங்காலு ஆறட்டும், நான் பிடிக்கேன். வீடியோ பூராம் எனக்கு மனப்பாடம்," என்றாள் வள்ளித்தாய். வீம்புக்குச் சொல்லவில்லை, நிசமாகத்தான் சொன்னாள். கொட்டிலுக்கு நொண்டிக்கொண்டே போய் மிஷினைத் தூக்கியும் பார்த்தாள். தையல் போட்ட கால் பாரம் தாங்காமல் உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் ஆடி வரை காலை ஊன்றக் கூடாது என்று சொல்லியிருந்தார். ஆடி வரை சோறு?

பங்குனி பிறந்தது.

விடியும்போதே மருந்து கலந்துவிட வேண்டும். வெயில் ஏறினால் மருந்துக்கும் ஆகாது, ஆளுக்கும் ஆகாது. அதனால் கம்பெனி வேன் கோழி கூப்பிடும் நேரத்தில் வரும். அன்றைக்கு அந்த வேன் எங்கள் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தது. நான் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். செந்தூர்பாண்டி பருத்திச் சட்டையும் கைலியுமாக வெளியே வந்தான். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நடந்தான். கதவு திறந்திருந்த கொட்டிலில் சாக்குக்குள் மிஷின் கிடந்தது.

அவன் பாதித் தெரு போயிருப்பான். "ஏங்க," என்று வள்ளித்தாய் கூப்பிட்டாள். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கம்பை ஊன்றி நொண்டி வந்தாள். அவன் திரும்ப வந்து வாங்கிக்கொண்டான். போகாதே என்று சொல்லப்போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான், நின்றுகொண்டே இருந்தான்.

அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி, நிதானமாகச் சொன்னாள்:

"அங்கன ஏதாவது ஒண்ணு சீறுச்சுன்னா போட்டுட்டு ஓடிருங்க. என்னை நெனைக்கக் கூடாது. எவன் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்கக் கூடாது. எங்காலை நெனைச்சுக்கிட்டு அங்கன கையை இறுக்கிப் பிடிச்சு நிக்காதீக. மாரி நின்னான். நீக ஓடுனீக, அதான் இருக்கீக. நான் ஒரு நாளும் உங்களைத் தப்பா நெனைச்சதில்ல. ஓடிருங்க, என்ன?"

அவன் தலையை ஆட்டினான். வேனில் ஏறுமுன் அதன் கதவில் புறங்கையை வைத்து ஒரு தடவு தடவினான்.

வேன் ரோட்டில் ஏறி மேற்கே திரும்பும்வரை அவள் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலில் கட்டு லேசாக நனைந்திருந்தது. என் பக்கம் திரும்பினாள்.

"ஓடிருவாக, இல்லண்ணே?"

"ஓடிருவான் தாயி," என்றேன்.